பாஸானதற்கு இரண்டு வளையல்

பரீட்சை முடிவு வருகிற வாரத்தில் யாராவது ஒருத்தர் என்னிடம் வந்து கேட்டுவிடுகிறார்கள். பிள்ளை பாஸ் செய்திருக்கிறான், பெரிதாக ஏதாவது வாங்கிக் கொடுக்கலாமா டீச்சர், கெட்டுப்போய்விட மாட்டானே என்று. காலமெல்லாம் கரும்பலகையோடு மல்லுக்கட்டியவள் என்பதால் எனக்கு இதில் தனி ஞானம் இருக்கும் என்று அவர்கள் எண்ணம். பிள்ளை கெட்டுப்போவதைப் பற்றி எனக்குக் கவலையே கிடையாது. பிள்ளைகள் அவ்வளவு சீக்கிரம் கெடுவதில்லை. பரிசு வாங்கப் போகிற பெற்றோர்தான் கடைக்குள் நுழைவதற்கு முன்பே கெட்டுப்போய்விடுகிறார்கள். அதை நான் ராயபுரத்தில், எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்த சமயம். மாதாகோயிலுக்குப் பின்பக்கத்தில், துறைமுகத்து வேலைக்காரர்கள் நிறைந்த தெரு எங்களுடையது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன். அவர் ஹார்பரில் கிரேன் ஓட்டினார். எதிர்வீட்டுக்காரர் அதே ஹார்பரில் மூட்டை இறக்கும் ஆட்களுக்கு மேஸ்திரி. இரண்டு பேரும் ஒரே கேட்டில் நுழைவார்கள், ஒரே கடையில் டீ குடிப்பார்கள், அண்ணாத்தே, மாமு என்று தோளில் கைபோட்டுக்கொள்வார்கள். ஆனால் அவர் வீட்டில் சங்கரா மீன் வறுக்கிற வாசனை வந்தால் மறுநாள் எங்கள் வீட்டில் வஞ்சிரம் வறுத்தாக வேண்டும். எங்கள் அம்மா பாதி நாள் சமைத்தது எங்களுக்காக அல்ல, எதிர்வீட்டு மூக்குக்காக.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்வது என்பது சாமானிய விஷயம் இல்லை. பேப்பரில் நம்பர் வந்ததும் தகப்பன்காரர் ஏதாவது வாங்கியாக வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பிள்ளையை நிறுத்தி, வாங்கியதை ஊருக்குக் காட்ட வேண்டும். இவர்கள் பூசைக்கு வந்தார்களா பொருட்காட்சிக்கு வந்தார்களா என்று சாமிக்கே சந்தேகம் வந்திருக்கும். முந்தின வருஷம் ரயில்வே கார்டு ஒருவர் தன் மகனுக்குக் கம்பளிக் கோட்டு தைத்துப் போட்டு, கூட்டிக்கொண்டு வந்தார். ஜூன் மாத வெயிலில் அந்தப் பையன் வேர்த்து வழிந்து, கண் செருகி, கீழே விழுந்துவிட்டான். தூக்கி நிழலில் கிடத்தியபோது, பட்டனைக் கழற்ற வேண்டாம், துணி கசங்கும் என்று தகப்பன் சொன்னதாகத் தெருவில் பேசிக்கொண்டார்கள். நான் அதை அப்படியே நம்பினேன்.

நான் பரீட்சை எழுதிய அதே வருஷம்தான் மேஸ்திரியின் மகனும் எழுதினான். இரண்டு பேரும் பாஸ். மேஸ்திரிக்குக் கப்பல்காரர்களோடு பழக்கம் உண்டு. எவனோ ஒரு மாலுமியிடம் பேரம் பேசி மகனுக்கு ஃபாரின் வாட்ச் வாங்கிக் கட்டிவிட்டார். அந்தப் பையன் அதன் பிறகு முழுக்கைச் சட்டையே போடவில்லை. கேட்டவர்களுக்கும் மணி சொன்னான், கேட்காதவர்களுக்கும் சொன்னான். தலைக்கு மேலே கோயில் கடிகாரம் ஊருக்கே தெரிகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கு வேலை இல்லை, மேலே படிக்கவும் யோசனை இல்லை. எதற்கும் நேரத்தோடு போகவேண்டிய அவசியம் இல்லாத ஒருத்தனுக்கு வாட்ச். எங்கள் தெரு அதைப் பார்த்து வாயைப் பிளந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். மயிலாப்பூர்ப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்துகிற டீச்சர் டிரெயினிங் பள்ளியில், எங்கள் பள்ளிக்கூடத்து சிஸ்டர் எனக்காகப் பேசி ஓர் இடம் வாங்கிவைத்திருந்தார். அங்கேயே தங்கிப் படிக்கலாம். இரண்டு வருஷத்தில் டீச்சர். பள்ளி திறக்கிற திங்கட்கிழமை தகப்பனாரோடு வந்து சேர்ந்துவிட வேண்டும், வராவிட்டால் இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நான் அதை நைனாவிடம் சொன்னேன். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டே, பாக்கலாம் என்றார். பார்வை எதிர்வீட்டு வாசலில் இருந்தது. அங்கே வாட்ச் உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம் வண்ணாரப்பேட்டையிலிருந்து நைனா வந்தார். சிவப்புக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே இரண்டு தங்க வளையல்கள். போட்டுக்கச் சொன்னார். அம்மா முகம் மாறிவிட்டது.

"இன்னாத்துக்கு இப்ப வளையலு? தெரு வேற மாதிரி நெனைச்சிக்கும்," என்றாள்.

"என் பொண்ணு பாஸாயிகீது, நான் போடறேன். தெருவுக்கு இன்னா வந்திச்சி?" என்றார் நைனா.

தெருவுக்கு என்ன வந்தது என்பது அம்மாவுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். வயசுக்கு வந்த பெண்ணின் கையில் புதிதாகத் தங்கம் ஏறினால், பெண் கொடுக்கத் தயார், வந்து கேட்கலாம் என்று எங்கள் பக்கத்தில் அர்த்தம். யாரும் தமுக்கடிக்க வேண்டியதில்லை. வளையல் போதும். ஆயிரம் மூட்டையை அந்தரத்தில் தூக்கி, கப்பலில் சரியான இடத்தில் இறக்கத் தெரிந்த மனிதருக்கு இது மட்டும் புத்தியில் ஏறவில்லை. பையன்களுக்குத்தான் பாஸானதற்குப் பரிசு. பெண்ணுக்கு அப்படி ஒருவரும் செய்தது கிடையாது என்பதால், பெண் கையில் ஏறுகிற பொன்னைப் பரிசு என்று எடுத்துக்கொள்ள ஒருவருக்கும் தெரியவில்லை. நைனாவுக்கு வாட்ச்சைவிடப் பெரிதாக ஏதாவது வேண்டும், அவ்வளவுதான். அந்த ஆத்திரத்தில் என் இரண்டு கையிலும் கல்யாணத்தை மாட்டிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நின்றேன். ஒவ்வொரு பெண்பிள்ளையும் என் கையைத் தூக்கிப் பார்த்தாள். மீன்காரிகள் மீனைத் தூக்கி எடை பார்ப்பார்களே, அதே மாதிரிதான். என்ன எடை இருக்கும் என்று என் முன்னாலேயே பேசிக்கொண்டார்கள். நைனா மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். தலைகால் புரியவில்லை அவருக்கு. என்ன மார்க் என்று ஒருத்தியும் கேட்கவில்லை. சோறு வடிக்கத் தெரியுமா என்று ஒருத்தி கேட்டாள்.

பள்ளி திறக்க இரண்டு நாள் இருந்தது. அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு வந்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? எதிர்வீட்டு மேஸ்திரியேதான். மனைவியும் மகனும் பின்னால். பையன் கையில் வாட்ச்.

நைனா ஒரு கணம் திகைத்தார். அப்புறம் பூரித்துப்போனார். இத்தனை வருஷம் எவரை ஜெயிக்கத் துடித்தாரோ அவரே தட்டோடு வாசலில் வந்து நின்றால் வேறென்ன வேண்டும்? பாய் விரித்தார், கலர் சோடா வாங்கிவரச் சொன்னார். நான் அடுப்பங்கரைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். மேஸ்திரி நிதானமாகப் பேசினார். பெண்ணை மேலே படிக்கவைக்க வேண்டாம், டீச்சர் வேலையெல்லாம் கன்னியாஸ்திரிகளுக்குத்தான் சரி, தங்கள் வீட்டுக்கு வருகிற பெண் சம்பாதித்துத்தான் அடுப்பெரிய வேண்டும் என்கிற நிலைமை இல்லை என்றார். நைனா தலையாட்டினார். என் திங்கட்கிழமையை அவர் அப்படித் தலையாட்டியே தாரைவார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த வளையல்களைக் கழற்றி சோடா பாட்டிலோடு சேர்த்துத் தெருவில் வீச வேண்டும் போலிருந்தது. அம்மா என் மணிக்கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

என்னைக் காப்பாற்றியது நைனாவின் அறிவு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பேச்சு முடிகிற நேரத்தில் மேஸ்திரி, பையனுக்கு வாட்ச் தாங்கள் போட்டாகிவிட்டது, சைக்கிள் பெண் வீட்டார் பொறுப்பு என்றார். நைனாவின் தலையாட்டல் நின்றது.

"உம் புள்ள பாஸானதுக்கு நான் இன்னாத்துக்கு சைக்கிள் வாங்கித் தரணும்?"

"அப்ப அந்த வளையலு இன்னாத்துக்கு அண்ணாத்தே போட்ட?"

"எம் பொண்ணு பாஸானதுக்கு."

மேஸ்திரி சிரித்தார். "பொட்டப்புள்ள பாஸானதுக்கா?" என்று மறுபடியும் கேட்டுவிட்டு, மனைவி பக்கம் திரும்பி இன்னும் சிரித்தார். அந்த அம்மாளும் சிரித்தாள். வாட்ச் கட்டிய பையன் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மணி பார்த்தான்.

அந்தச் சிரிப்புத்தான் எனக்கு மோட்சம். நைனாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. வெற்றிலைத் தட்டு வாசலைத் தாண்டிப் போயிற்று. தெருவே வந்து நின்று கேட்கிற மாதிரி இரண்டு பேரும் கத்தினார்கள். கப்பலில் யார் எத்தனை முறை யாருக்கு விட்டுக்கொடுத்தார்கள் என்பதெல்லாம் வெளியே வந்தது. என்னைப் பற்றிய பேச்சு அதில் எங்கேயும் இல்லை. சண்டை சைக்கிளில் தொடங்கி சைக்கிளில் முடிந்தது. எல்லாம் அடங்கிய பிறகு நைனா உள்ளே வந்து என்னைப் பார்த்து, "திங்கக்கெழமை கெளம்பு. நீ டீச்சராயி இந்த ஆளு எதிர்ல வந்து நிக்கணும்," என்றார். ஆக, டிரெயினிங்கும் கோயில் வாசலில் காட்டவேண்டிய இன்னொரு சாமானாகிவிட்டது. எதுவாக இருந்தால் என்ன, எனக்கு இடம் கிடைத்தால் போதும் என்று டிரங்குப் பெட்டியில் துணியை அடுக்கினேன்.

திங்கட்கிழமை டிராம் ஏறிப் போனோம். நைனா வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார். என்னையும் வளையலைப் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். பள்ளியின் ஆபீஸ் அறையில் வயதான மதர் ஒருவர் இருந்தார். எங்கள் இருவரையும் உட்காரச் சொன்னார். நைனா உட்காரவில்லை. மதர் என் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, பேச்சுக்குக் கேட்கிற மாதிரி நைனாவிடம் கேட்டார்.

"உங்க பொண்ணு எந்தப் பாடம் நல்லா படிப்பா?"

நைனா என்னைப் பார்த்தார். மதரைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பிடித்துத் தூக்கி மேஜைக்கு மேலே காட்டினார்.

"பாஸானதுக்கு ரெண்டு வளையலு போட்டுகீறேம்மா. கெட்டித் தங்கம்."

மதர் சிரிக்கவில்லை. நல்லது என்றார். இங்கே பிள்ளைகள் யாரும் நகை போடுவதில்லை, வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் என்று மெதுவாகச் சொன்னார். நான் கழற்றிக் கொடுத்தேன். நைனா அதைக் கைக்குட்டையில் முடிந்து பைக்குள் வைத்தார். அறையை விட்டு வெளியே வந்து, கேட்டு வரைக்கும் நானும் கூடப் போனேன். கேட்டுக்கு வெளியே போனவர் திரும்பி வந்தார்.

"கண்ணு, நீ இன்னா பாடம் நல்லா படிப்ப?"

"கணக்கு."

"அப்படியா. யாரும் சொல்லலியே எனக்கு."

"நீ கேக்கவே இல்லியே நைனா," என்றேன்.

அவர் நின்றுகொண்டே இருந்தார். அவருக்குப் பின்னால் டிராம் வந்தது, போயிற்று. அவரைப் பார்த்து எனக்குப் பாவமாக இல்லை, கோபம்தான் வந்தது. பதினொரு வருஷம் அவர் வீட்டில் விளக்கு வைத்துப் படித்தவளை, யாரோ ஒரு கன்னியாஸ்திரி கேட்ட பிறகுதான் அவருக்குக் கேட்கத் தோன்றியது. மணி அடித்தது, நான் உள்ளே போய்விட்டேன்.