டார்ச் பிடித்த ஆள்

குப்பத்தைத் தாண்டித் தார்ச்சாலைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன், பையிலிருந்த சின்ன ரேடியோவின் ஏரியல் இன்னும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. நின்று அதை மடக்கி உள்ளே தள்ளினேன். ஓரமாக வலை உதறிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னா மாமு, மேட்சு முடிஞ்சிச்சா?”

காலையிலிருந்து முகத்துவாரத்துக் கல்லின்மேல் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கிரிக்கெட் கேட்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

“முடிஞ்சிச்சு” என்றேன்.

“யாரு ஜெயிச்சது?”

“அண்ணாச்சி.”

அப்படி ஒரு டீம் அவருக்குத் தெரியவில்லை. திரும்பி வலையை உதறினார். நான் தெற்கே நடந்தேன்.

அண்ணாச்சிக்கு ராயபுரத்தில் கடை. கயிறு, சங்கிலி, பெயின்ட் என்று போட்டுக்காரர்களுக்கு வேண்டிய சாமான்கள். தெற்கு ஜில்லாவிலிருந்து வந்த குடும்பம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் என்றாலும் பேச்சில் ஊர் வாசனை போகவில்லை. அவரிடம் அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் இருக்கிறது. பரீட்சை எழுதி அதை வாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே உலகத்தில் யாரோடும் ரேடியோவில் பேசலாம். அப்படிப்பட்டவர்கள் தினம் காலையில் ஒரே அலைவரிசையில் கூடுவார்கள். மழை, ஏரியல், முட்டிவலி, பேரன் படிப்பு எல்லாம் பேசுவார்கள். லைசென்ஸ் இல்லாதவன் அதைக் கேட்கலாம், வாயைத் திறக்கக் கூடாது. நான் கேட்கிறவன்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டேன். டிவி ரிப்பேர் கடையில் சால்டரிங் கற்றுக்கொண்டேன். அந்தக் கடை மூடிய பிறகு விசாகப்பட்டினத்தில் லாரி, மங்களூரில் ஐஸ் ஃபேக்டரி, எண்ணூரில் வார்ப்படப் பட்டறை. ஒரு ஊரில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் இருந்தால் எனக்குக் கால் அரிக்கும். கூடவே வந்தவை இரண்டுதான்: அந்தச் சின்ன ரேடியோ, என் சால்டரிங் கோல்.

அண்ணாச்சி கடைக்கு மூட்டை இறக்கப் போனபோதுதான் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். கல்லாவுக்குப் பின்னால் கோணி போர்த்திக் கிடந்தது. பேச்சை வாங்கவும் அனுப்பவும் இரண்டும் செய்கிற பழைய ஜப்பான் செட், எடை ஒரு சிமென்ட் மூட்டையில் பாதி இருக்கும். உள்ளே பாதி டிரான்சிஸ்டர், கடைசிப் பகுதிக்கு மட்டும், அந்தக் காலத்து ரேடியோ மாதிரி, பல்ப் போலச் சூடாகிற கண்ணாடி வால்வுகள். கடல் காற்று பட்டுப்பட்டு ஒவ்வொரு சுவிட்சும் பச்சை பூத்திருந்தது.

“இத ரிப்பேர் பாக்க ஆளு கிடையாதுடே” என்றார் அண்ணாச்சி. “இதுக்குள்ள வால்வு இப்ப உலகத்துலயே கெடைக்கல.”

“வேற வால்வு போட்லாம்” என்றேன்.

“ஒனக்கு என்ன தெரியும்?”

“போட்டுப் பாத்தாத்தான் தெரியும்.”

சிரித்தார். டீ சொன்னார்.

கூலி பேசவில்லை. வேறொன்று பேசினோம். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. இழுவைக் கப்பல்களிலும் பெரிய போட்டுகளிலும் இருக்கிற ஒயர்லெஸ், ரேடார் எல்லாம் அங்கேதான் சரிசெய்வார்கள். ஃபேன், மேஜை, உட்கார ஸ்டூல். அதற்கு முன்பே ஒருமுறை அங்கே போய் வேலை கேட்டிருந்தேன். ஓனர் நல்ல மாதிரியாகவே பேசினார். “சர்ட்டிஃபிகேட் வேணாம். ஆனா தெரிஞ்சவங்க யாராவது உனக்காகச் சொல்லணும். கப்பல் சாமான், தெரியாத ஆள் கையில குடுக்க முடியாது” என்றார். எனக்காகச் சொல்ல யாருமில்லை.

அந்த ஓனரும் காலைக் கூட்டத்தில் தினம் பேசுகிறவர்.

“இந்தச் செட்டு பேசட்டும்” என்றார் அண்ணாச்சி. “முதநாளு, முதப் பேச்சு, அவர்கிட்டதான். ‘இத முடிச்சது இன்னாரு, ஒங்க ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பட்டுமா’ன்னு நானே கேக்கேன். அத்தன பேரும் கேட்டுட்டு இருக்கும்போது அவரு மாட்டேன்னு சொல்லுவாரா?”

வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. கால் அரிப்பும் கொஞ்சம் அடங்கியிருந்தது. ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை செய்ய ஆசையாக இருந்தது. சரி என்றேன்.

கடையின் பின்பக்கக் கோடவுனில், கயிற்றுச் சுருள்களுக்கு நடுவே, மத்தியானங்களில் வேலை நடந்தது. செட்டோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை அண்ணாச்சி படித்துச் சொல்வார், நான் படத்தைப் பார்த்துக்கொள்வேன். இதை மறைக்கக் கூடாது. அவர் படித்துச் சொல்லாவிட்டால் எனக்குப் பாதி விளங்கியிருக்காது. காய்ந்துபோன கண்டன்சர்களை எல்லாம் மாற்றினேன். சுவிட்சுகளைக் கழற்றி ஒவ்வொரு தகடாகத் துடைத்தேன். அணைத்துவிட்ட பிறகும் பெரிய கண்டன்சருக்குள் கரன்ட் தங்கியிருக்கும் என்று தெரியும். தெரிந்தும் ஒருநாள் கை பட்டுவிட்டது. கயிற்றுச் சுருள்மேல் போய் விழுந்தேன். கட்டைவிரலில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. “உயிரோட இருக்கியாடே?” என்று கேட்டுவிட்டு அண்ணாச்சி சோடா வாங்கி வந்தார்.

வால்வு, பழைய கப்பல் சாமான் விற்கிற ஒரு காயலான் கடையில் கிடைத்தது. உடைத்த கப்பலிலிருந்து வந்த ஒயர்லெஸ் பெட்டி ஒன்று, அதற்குள் வேறு சாதி வால்வுகள். அவற்றின் கால்கள் நம் செட்டின் சாக்கெட்டில் நுழையாது. பழைய சாக்கெட்டை எடுத்துவிட்டுத் தகட்டில் ஓட்டையைப் பெரிதாக்க வேண்டும். அரத்தைக் கையில் எடுத்தபோது அண்ணாச்சி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, ஒரிஜினல் செட்டு.”

“ஒரிஜினலா வச்சிகினு இன்னா பண்றது? அதான் பேசலியே.”

கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டார். அரத்தால் ராவினேன். ஓரம் கொஞ்சம் கோணலாகத்தான் வந்தது. புது வால்வு பழைய வோல்டேஜைத் தாங்காது என்பதால் அதையும் குறைத்தேன். செட்டின் மைக் செத்துக் கிடந்தது. கழித்துப்போட்ட செல்போன் ஒன்றிலிருந்து பட்டாணி அளவு மைக்கைப் பிய்த்து அந்தப் பழைய மைக்கின் கூட்டுக்குள் வைத்தேன்.

சோதிக்கும்போது ஏரியல் மாட்டக் கூடாது. மாட்டினால் பேச்சு வெளியே போய்விடும். அதனால் ஏரியலுக்குப் பதிலாக ஒரு குண்டு பல்பை மாட்டினோம். பேசினால் அந்தப் பேச்சுக்கு ஏற்றபடி பல்ப் எரியும். அண்ணாச்சி “ஹலோ” என்றார். பல்ப் மினுக்கென்று எரிந்து அணைந்தது. குழந்தை மாதிரி திரும்பத் திரும்ப ஹலோ சொன்னார். பிறகு மைக்கை என்னிடம் நீட்டினார். நான் என் பெயரைச் சொன்னேன். அதற்கும் எரிந்தது. அந்தச் செட்டில் நான் பேசியது அவ்வளவுதான், ஒரு பல்பிடம்.

முதல்நாள் ஒலிபரப்புக்கு என்னை முகத்துவாரக்குப்பத்துக்கு அனுப்பியது அண்ணாச்சிதான். தன் குரல் வெளியே எப்படிப் போகிறது என்று பேசுகிறவனுக்கே தெரியாது. தொலைவில் ஒருவன் கேட்டுச் சொல்ல வேண்டும். ராயபுரத்தில் மோட்டார், வெல்டிங் இரைச்சல் அதிகம், கழிமுகத்தில் குறைவு. “போயி நல்லா காதக் குடுத்துக் கேளு. கரகரப்பு இருக்கா, வார்த்தை முழுங்குதான்னு பாரு” என்றார். போனேன். கேட்டேன்.

முதலில் அவர் குரல் வந்தது. நேரே எதிரில் நின்று பேசுகிற மாதிரி இருந்தது. பலர் வாழ்த்தினார்கள். பிறகு ஒர்க்‌ஷாப் ஓனர் வந்தார்.

“சூப்பரா இருக்கு அண்ணாச்சி, ஃபைவ் நைன்” என்றார். தெளிவாகவும் பலமாகவும் கேட்கிறது என்பதற்கு அவர்கள் கொடுக்கிற முழு மார்க் அது. “இந்தச் செட்டுக்கு வேற வால்வு போட்டு ஓட்டுறது லேசு இல்ல. யார் பண்ணது?”

நான் ரேடியோவைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“நாந்தான்” என்றார் அண்ணாச்சி. “கடையச் சாத்திட்டு, கொஞ்சங் கொஞ்சமா. சாக்கெட்டு மாத்துறதுதான் பெரும்பாடு. நானே அரம் போட்டு ராவுனேன்.”

“அடேங்கப்பா. எனக்கே இப்படி ஒரு ஆள் வேணும். கூட யாரும் இல்லையா?”

“ஒரு ஆளு இருந்தான். டார்ச் பிடிக்க.”

“அப்ப அந்த டார்ச்சையாவது எனக்கு அனுப்புங்க” என்றார் அவர். அலைவரிசை முழுக்கச் சிரிப்பு. அண்ணாச்சியும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு மூச்சுகூட விட்டுப்போகாமல் கேட்டது. நான் வைத்த மைக் அது.

எண்ணூர் சாலையில் கன்டெய்னர் லாரிகள் ஒன்றின் பின் ஒன்றாக நின்றிருந்தன. அவற்றின் நிழலிலேயே நடந்தேன். ஒர்க்‌ஷாப்புக்கு நேரே போய்ச் சொல்லலாமா என்று யோசித்தேன். தெரிந்தவர் சொன்னால் போதும் என்றவர் அவர். தெரிந்தவர் சொல்லிவிட்டார். இனி அங்கே நான் போய் நின்றால், டார்ச் பிடித்தவன் அண்ணாச்சி வேலையைத் தன் வேலை என்கிறான் என்றாகும். ஒரு கன்டெய்னர் யார்டு வாசலில் அட்டையில் பெயின்டால் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள்: ஐஸ் கன்டெய்னருக்கு ப்ளக் போட ஆள் தேவை. மீன் கெடாமலிருக்க அந்தக் கன்டெய்னர்களுக்குக் கரன்ட் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். படித்துக்கொண்டே தாண்டினேன். டோல்கேட்டில் ஒரு டீ குடித்தேன். ராயபுரத்துக்கு மீதித் தூரத்தையும் நடந்தேன்.

கடையில் அண்ணாச்சி ஒருவருக்குக் கயிறு அளந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கயிற்றை வேலையாளிடம் கொடுத்துவிட்டுக் கோடவுனுக்குள் வந்தார். செட் இன்னும் சூடாக இருந்தது.

“கேட்டியா?” என்றார்.

“கேட்டேன்.”

“தம்பி, கோவப்படாத. லைசென்ஸ் இல்லாதவன் டிரான்ஸ்மிட்டர்ல கை வச்சான்னு நானே அத்தன பேர் முன்னால சொல்ல முடியுமா? நாளைக்கு ஒருத்தன் மேலிடத்துக்கு எழுதிப்போட்டா என் லைசென்ஸு போயிரும்.”

“பல்புலதான அண்ணாச்சி பாத்தோம்? ரிப்பேர் பண்ண லைசென்ஸ் வோணுமா?”

அவர் பலகை மேலிருந்த துணியை எடுத்தார்.

“சரி, அது இருக்கட்டும். டார்ச் புடிக்கிற ஆளுன்னு ஏன் சொன்ன?”

முதன்முறையாக அவரை ஒருமையில் பேசிவிட்டேன். அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை. செட்டின் மேல் தகட்டைத் துணியால் துடைத்தார், அழுக்கே இல்லாத இடத்தை. துடைத்துக்கொண்டே மெதுவாகக் கேட்டார்.

“சத்தம் எப்படி இருந்துச்சு?”

பொய் சொல்லியிருக்கலாம். கரகரப்பு இருந்தது, வார்த்தை முழுங்குது என்று சொல்லியிருந்தால் அவருக்கு அன்றைக்குத் தூக்கம் வந்திருக்காது. ஆனால் அந்தச் சத்தம் என் வேலை. அதைப் பற்றித் தப்பாகச் சொல்ல வாய் வரவில்லை.

“ஃபைவ் நைன்” என்றேன். “ஒவ்வொரு வார்த்தையும் கேட்டுச்சு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அதைத்தான் என்னால் இன்றைக்கும் தாங்க முடியவில்லை.

பலகை மேலிருந்த என் சால்டரிங் கோலை எடுத்தேன். ஆறியிருந்தது. ஒயரைச் சுற்றிப் பைக்குள் வைத்தேன். கிளம்பும்போது பழக்கதோஷத்தில் சொன்னேன்: “ரொம்ப நேரம் விடாம பேசாத. இடது பக்க வால்வு செவக்கும். ஃபேன் போட்டுக்கோ.”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்” என்றார். காலையில் ரேடியோவில் கேட்ட அதே குரல். அதற்குள் அவரே நம்பத் தொடங்கிவிட்டார்.

மறுநாள் காலையில் கன்டெய்னர் யார்டு வாசலில் போய் நின்றேன். ரேடியோவை எடுத்துப்போகவில்லை. அந்த நேரத்துக்குக் காலைக் கூட்டத்தில் அவர்கள் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள். சூப்பர்வைசர் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

“இதுக்கு முன்னாடி இன்னா வேலை பாத்த?”

“டார்ச் புடிச்சிகினு இருந்தேன்.”

“எங்க?”

“ராயபுரத்துல.”

“இங்க ராத்திரி ஷிஃப்டுக்கு டார்ச் நீயேதான் வாங்கியாரணும்” என்றார், சிரிக்காமல். “கரன்ட்டுன்னா பயமில்லியே?”

“இல்ல.”

ஹெல்மெட்டும் ரப்பர் கையுறையும் கொடுத்தார்கள். முதல் கன்டெய்னரில் மீன் இருந்ததாகச் சொன்னார்கள். ஒயரை இழுத்து வந்து பார்த்தேன். ப்ளக்கின் கால்கள் உப்பில் பச்சை பூத்திருந்தன. சட்டையின் ஓரத்தால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டு, சொருகி, சுவிட்சைப் போட்டேன். உள்ளே மோட்டார் இரைய ஆரம்பித்தது. அடுத்த கன்டெய்னருக்குப் போனேன்.