கடைவாய்ப் பல்லுக்கு அழகு வரி

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. எல்லோருக்கும் அவள் பல்லக்கா. பல் மருத்துவர்கள் அச்செடுத்து அனுப்பும் வாய்களுக்கு அவள் பல்செட்டு செய்து கொடுத்தாள். வரி அலுவலகம் மட்டும் ஒரு நாள் அவளுக்குப் புதுப் பட்டம் சூட்டியது: 'அழகுப் பொருள் உற்பத்தியாளர்.'

நோட்டீஸைப் படித்ததும் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. முன்கையெல்லாம் வெள்ளைச் சாந்து, தலைமுடியில் ஈறு செய்யும் ரோஸ் நிறத் தூள். எதிரே அலமாரி முழுக்கச் சாந்தில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு நின்றன. இதில் அழகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடினாள்.

"யாருக்கோ வந்ததை நம்ம வீட்டுல போட்டுட்டான்" என்று கணவரிடம் நீட்டினாள்.

அவர் பஸ் கண்டக்டர். சில்லறை எண்ணுவதுபோல ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகவரி சரி, பெயரும் சரி. செயற்கை நகம், செயற்கை இமை, செயற்கை முடி, செயற்கைப் பல் எல்லாம் இனிமேல் அழகுப் பொருள்களாம். இனிமேல் என்றாலும் பரவாயில்லை. ஏழு வருடத்துக்கு முன்பிருந்தே அப்படித்தானாம். அன்றிலிருந்து அவள் செய்த ஒவ்வொரு பல்லுக்கும் வரி, வரிக்கு வட்டி, வட்டி கட்டாததற்கு அபராதம். மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பட்டறைக்குச் சீல்.

"பல்லுக்கு வரி கிடையாதுன்னு இவங்களேதானே எழுதிக் கொடுத்தாங்க?" என்றாள் பல்லக்கா. "போன வருஷம் போன பஸ்ஸுக்கு இன்னிக்கு டிக்கெட் கிழிப்பியா நீ?"

"இறங்கிப் போனவன் பின்னாடி ஓடி வசூல் பண்ணுன்றாங்க."

"ஓடலாம். பாதிப் பேரு போய்ச் சேர்ந்துட்டாங்க. நான் கட்டின பல்லோட."

கணவர் பெருமூச்சு விட்டார். "கடவுள் விட்ட வழி. கடனை உடனை வாங்கிக் கட்டித் தொலைச்சிடலாம்."

"கடவுளா நோட்டீஸ் அனுப்பினாரு? கீழே ஒரு ஆளோட கையெழுத்து இருக்கு பாரு. ஆள் போட்ட கையெழுத்தை ஆளே அழிக்கலாம்."

அவளுடைய சுபாவமே அப்படித்தான். பதினெட்டு வயதில் ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கப் போனவள், அங்கே சாந்து குழைக்கக் கற்று, மெழுகு செதுக்கக் கற்று, பிறகு கடன் வாங்கி ஒரு மின் அடுப்பு போட்டுத் தனியாக உட்கார்ந்தாள். முதலில் செய்த பல்செட்டு உயரம் கூடிப்போனது. போட்டுக்கொண்ட மனிதரால் வாயை மூட முடியவில்லை. பார்ப்பதற்கெல்லாம் ஆச்சரியப்படுகிறவர் மாதிரியே திரிந்தார். பல்லக்கா அவர் வீட்டுக்கே அரத்தோடு போய், அவர் திட்டத் திட்டத் தேய்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் ஓய்ந்தாள். அன்றிலிருந்து பட்டறையில் ஒரு சட்டம்: அவள் கண்ணெதிரே ஒரு முழு ஆப்பிளைக் கடித்துத் தின்னாமல் யாரும் புதுப் பல்லோடு படி இறங்கக் கூடாது. ஆப்பிள் அவள் செலவு. இந்தச் சட்டத்தை ஒரு நாளும் அவள் முன் தேதியிட்டு மாற்றியதில்லை.

நேற்று நேர்மையாக நடந்தவனை இன்று குற்றவாளியாக்கும் உத்தரவைச் சட்டம் என்று சொல்ல நாக்கு கூச வேண்டும். ஆட்டம் முடிந்தபிறகு கோட்டை நகர்த்திப் போட்டுவிட்டு, 'நீ கோட்டுக்கு வெளியே நின்றாய்' என்று சொன்னால் சின்னப் பிள்ளைகள்கூட மண்ணை அள்ளி வீசும். ஆனால் முத்திரை குத்திய தாளில் சொன்னால் பெரியவர்கள் அடகுக் கடைக்கு ஓடுகிறார்கள்.

அப்படி ஓடியவன் எதிர்த்தெருப் பல்செட்டுக்காரன். குள்ளமாக இருப்பான் என்பதால் கட்டையன். பல்லக்காவை 'அக்கா, அக்கா' என்று சுற்றி வந்து தொழில் படித்தவன். நோட்டீஸ் வந்த வாரமே பயந்துபோய் அடுப்பை விற்று, மனைவியின் நகையை வைத்து, முழுசாகக் கட்டிவிட்டான். இப்போது அடுக்குமாடி வாசலில் காவல்காரன். தொளதொள சட்டை, கையில் விசில்.

ஊர் முழுக்கப் புகைச்சல்தான். சிகிச்சையில் முடி கொட்டியவர்களுக்கு டோப்பா செய்பவருக்கும் இதே நோட்டீஸ் போயிருந்தது. வரி அலுவலக வாசலில் தினமும் கூட்டம் கூடிக் கத்தியது. பல்லக்காவும் நின்று கத்தினாள். தொண்டை கட்டியதுதான் மிச்சம். பிறகு உள்ளே போய் விசாரணை கேட்டு எழுதிக் கொடுத்தாள். ஒரு சாட்சியை அழைத்து வரலாம் என்று பதில் வந்தது.

அவள் மைக்கை அழைத்துப் போனாள். பஸ் நிலையத்தில் வண்டி நேரம் அறிவிக்கிறவர் அவர். ஊருக்கே பழக்கமான குரல்; அதனாலேயே அவருக்கு மைக் என்று பெயர். பல் விழுந்தபோது வேலையும் போனது. பல்லக்கா கட்டிய பல்லால் திரும்ப வந்தது. "அதைச் சொல்லுங்கண்ணே, போதும்" என்றுதான் அவள் சொல்லியிருந்தாள்.

அறையில் மேசைக்குப் பின்னால் அதிகாரி, பக்கத்தில் தட்டச்சு செய்யும் அம்மாள். "இங்க யார் என்ன பேசினாலும் அப்படியே பதிவாகும்" என்று அந்த அம்மாள் முதலிலேயே சொல்லிவிட்டாள்.

அதிகாரி கெட்ட மனிதர் இல்லை, களைத்துப்போன மனிதர். பதிவை ஆரம்பிக்க வேண்டாம் என்று அந்த அம்மாளுக்குக் கை காட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உள்ளதைச் சொல்றேம்மா. மேலே யாரோ செயற்கைன்னு இருந்ததையெல்லாம் ஒரே மூட்டையாக் கட்டிட்டாங்க. எங்களுக்கும் தெரியும்."

"தெரிஞ்சா அவிழ்த்துடுங்க சார்."

"அது என் கையில இல்லை. உங்களுக்கு ஒரு நல்ல வழி வச்சிருக்கேன்." ஒரு தாளை நகர்த்தினார். "கருணை மனு. கையெழுத்துப் போடுங்க, மொத்தமும் தள்ளுபடி. இன்னிக்கே தலைவலி தீர்ந்தது."

பல்லக்கா படித்தாள். 'வரி என்னால் செலுத்தப்பட வேண்டியதே என ஒப்புக்கொள்கிறேன். என் வறுமையைக் கருதி மன்னிக்க வேண்டுகிறேன்.'

பேனா பக்கத்திலேயே இருந்தது. பொய் சொல்வானேன், அவள் கை அதன்மேல் போயே விட்டது. ஒரு கையெழுத்து, அடுப்பு தப்பிக்கும், பட்டறை தப்பிக்கும், கணவர் நிம்மதியாகத் தூங்குவார். அப்போது கட்டையனின் தொளதொள சட்டை ஞாபகம் வந்தது. இதில் அவள் கையெழுத்துப் போட்டால் வரி நியாயமானதாகிவிடும். கட்டையன் கட்டியதும் நியாயமாகிவிடும். அவன் காலத்துக்கும் விசிலோடு நிற்க வேண்டியதுதான்.

கையை இழுத்துக்கொண்டாள். "நான் தப்புப் பண்ணேன்னு இதுல இருக்கு. நீங்க பண்ணீங்கன்னு எங்க இருக்கு?"

"அரசாங்கம் அப்படியெல்லாம் எழுதாதும்மா."

"எழுதிப் பழகட்டும் சார்."

அதிகாரியின் முகம் இறுகியது. "பதிவு பண்ணுங்க" என்று தட்டச்சு அம்மாளிடம் திரும்பினார். "மனுதாரர் சலுகையை மறுத்தார். செயற்கைப் பல் வெறும் தோற்றத்துக்கானது; அது இல்லாமலும் ஒருவர் வழக்கம்போல் வாழ முடியும் என்பது துறையின் நிலை. சரி, சாட்சி பேசலாம்."

மைக் எழுந்தார். கைக்குட்டையை விரித்துக் கோப்பின் மேல் போட்டார். மேல் செட்டைக் கழற்றி வைத்தார், அதன்மேல் கீழ் செட்டை வைத்தார். கன்னம் இரண்டும் பள்ளத்தில் இறங்கின. பிறகு பஸ் நிலையத்தில் பேசுவதுபோல நெஞ்சை நிமிர்த்திப் பேச ஆரம்பித்தார். ஏற்றம் இருந்தது, இறக்கம் இருந்தது, விரல் நீட்டிக் கேட்ட கேள்வியும் இருந்தது. வார்த்தை மட்டும் இல்லை.

தட்டச்சு அம்மாளின் கை அந்தரத்தில் நின்றது. "சார், ஒண்ணும் புரியலையே. என்னன்னு அடிக்கறது?"

மைக் இன்னும் ஆவேசமாகச் சொன்னார். கோப்பின் மேல் சாரல் தெறித்தது.

"ஐயா, ஐயா! பல்லைப் போட்டுக்கிட்டுப் பேசுங்க. பல்லு இல்லாம ஒரு மனுஷன் பேசினா எப்படிப் புரியும்?" என்று அதிகாரி பதறினார்.

பல்லக்கா மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, சார் இப்ப சொன்னதை அடிங்க."

தட்டச்சு அம்மாள் அதிகாரியைப் பார்த்தாள். தாளைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டு ஒரு சொல் விடாமல் அடித்தாள். தோள் மட்டும் லேசாகக் குலுங்கியது.

தாள் அதிகாரியிடம் போனது. பல் இல்லாமலும் வாழலாம் என்ற வாக்கியம் மேலே. பல் இல்லாமல் எப்படிப் புரியும் என்ற வாக்கியம் கீழே. இரண்டும் அவர் சொன்னவை.

"இதை மேலே அனுப்பினா என்னைத்தாம்மா கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். பதில் சொல்ல உங்களுக்குத்தான் சொந்தப் பல்லு இருக்கே."

அவர் இரண்டு வாக்கியங்களையும் இன்னொரு முறை படித்தார். பிறகு பேனாவை எடுத்து, மேலிடத்துப் பதில் வரும்வரை சீல் வைப்பதை நிறுத்தி எழுதி, கையெழுத்துப் போட்டார்.

படி இறங்கும்போது மைக் பல்லைப் பொருத்திக்கொண்டு சொன்னார்: "இத்தனை வருஷமா பஸ் நேரத்தைத் தெளிவாச் சொல்றேன் தங்கச்சி, ஒருத்தனும் காதுல வாங்கறதில்லை. இன்னிக்கு ஒரு எழுத்து புரியலை. எல்லாரும் வாயைப் பிளந்துட்டுக் கேட்டாங்க."

பதில் தானாக வரவில்லை. வாரம் தவறாமல் போய் பெஞ்சில் உட்கார்ந்து அதை வரவழைத்தாள் அவள். முதலில் தனியாகப் போனாள். பிறகு டோப்பாக்காரர் வந்தார். அப்புறம் பெஞ்சு போதவில்லை. கடைசியில் வந்த உத்தரவில் அவள் கேட்ட சொல் இருந்தது: 'செயற்கைப் பற்களைப் பட்டியலில் சேர்த்தது துறையின் தவறு. தொடக்க நாளிலிருந்தே நீக்கப்படுகிறது.' டோப்பாவைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

அதன் நகலோடு அவள் நேராக அடுக்குமாடி வாசலுக்குப் போனாள். கட்டையன் படித்தான். திரும்பவும் படித்தான். கண் கலங்கிவிட்டது.

"அழுகையெல்லாம் அப்புறம். நீ கட்டினது மொத்தமும் திரும்ப வரணும். நாளைக்குக் காலையில மனு கொடுக்கறோம், வட்டியோட கேக்கறோம்."

"வட்டியாக்கா? தருவாங்களா?"

"நம்மகிட்ட கேக்கும்போது கூச்சப்பட்டாங்களா? கட்டின நாள்லேருந்து கணக்குப் போடு. பணம் வர்ற வரைக்கும் என் அடுப்பு பாதி நாள் உனக்கு. முதல்ல அந்த விசிலைக் குடு."

அவன் கழற்றிக் கொடுத்தான். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். டோப்பாக்காரருக்காக அடுத்த வாரம் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருந்தது. தொண்டை கட்டினால் உதவும்.