பதினோராம் இலக்கத்துக்கு இடம் உண்டா?

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய்துவை என்பார்கள். என் அப்பா சொன்னது ஒரேயொரு பொய். அந்த ஒன்றுக்கே நாங்கள் ஐந்து சனிக்கிழமைகள் மூச்சுவிட வழியில்லாமல் இருந்தோம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்து மூன்றாம் மாடி வீடொன்றில் அப்பா, அம்மா, மாமி, நான் என்று நாலு பேர். மாமி அப்பாவின் ஒரே தங்கை. பதினைந்து வயதில் அவரை ஊரிலிருந்து கூப்பிட்டு, மொழி படிக்கவைத்து, ஆளாக்கிவிட்டது அப்பாதான். அதனால் மாமிக்கு மாப்பிள்ளை பார்ப்பதும் தன் தலைமேல் உள்ள பொறுப்பு என்று அவர் நினைத்தார். மாமி அவுஸ்பில்டுங் என்ற மூன்று வருடத் தொழிற்பயிற்சியை முடித்து, மருத்துவமனையில் தாதியாக நிரந்தர வேலை கிடைத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வயது இருபத்தெட்டு. இனியும் பொறுக்க ஏலாது என்று அம்மா சொன்னார். மாமியால் பொறுக்க முடியுமா என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

மாப்பிள்ளை மெல்பேர்ணில் பொறியியலாளர். சாதகம் பொருந்திவிட்டது. படம் பார்த்தாயிற்று. மாமியும் அவரும் ஒருமுறை அரை மணித்தியாலம் வீடியோவில் பேசியும்விட்டார்கள். பெரியவர்கள் பேசி வாய்ச்சொல் கொடுப்பது மட்டும்தான் மிச்சம். எங்கள் பக்கம் அப்பா, அவர்கள் பக்கம் மாப்பிள்ளையின் தகப்பன். அவரை நாங்கள் வீட்டில் மெல்பேர்ண் ஐயா என்றோம்.

"எனக்கு அங்கை போக ஏலாது அண்ணா. இப்பத்தானே வேலையிலை காலூண்டினனான்" என்று மாமி ஒருநாள் சமையலறையில் வைத்துச் சொன்னார். அப்பா வெங்காயம் வெட்டிக்கொண்டே, "போகப் போகப் பழகும்" என்றார். மாமி அப்படிச் சொன்னது அது மூன்றாம் தடவை. மாமிக்கு விமானத்தில் ஏறப் பயம் என்று நான் நினைத்தேன். ஒரு முழுநாள் ஆகாயத்தில் தொங்குவதென்றால் யாருக்குத்தான் பயம் வராது?

முதல் அழைப்பு வந்தபோது போனைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டோம். சுகம் விசாரித்தார்கள். மழையையும் வெயிலையும் விசாரித்தார்கள். ஊரில் எந்தக் கோயிலடி என்று விசாரித்து, பொதுவாய்த் தெரிந்த மூன்று பேரையும் பேசி முடித்தார்கள். பத்து நிமிடத்தில் பேச்சு வற்றிவிட்டது. அம்மா மேசைக்கு அந்தப்பக்கம் நின்று, பேசுங்கோ பேசுங்கோ என்று கையால் காற்றைக் கிளறினார். அப்பா தவித்துப்போய், "அங்கை விளையாட்டெல்லாம் எப்பிடிப் போகுது அண்ணை?" என்று கேட்டுவைத்தார்.

வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்றால் இதுதான். மெல்பேர்ண் ஐயாவுக்கு உயிர் வந்துவிட்டது. அவுஸ்திரேலியர்களுக்கென்றே ஓர் உதைபந்தாட்டம் இருக்கிறதாம். அதில் ஒரு குழுவுக்கு அவர் முப்பது வருட ரசிகராம். அந்தக் குழுவின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. சொன்னால் இன்றும் அப்பா எழுந்து பல்கனிக்குப் போய்விடுவார்.

"எங்கடை பெடியள் மூண்டு மாட்ச் தொடர்ந்து தோத்துப்போனாங்கள் தம்பி. விளையாட்டிலை பிழையில்லை, ஆக்களைத் தெரிஞ்செடுக்கிறதிலைதான் பிழை. நீர் பாக்கிறனீரோ?"

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை மேலும் கீழும் ஆட்டினார்.

"பாக்காமல் விடுவனோ அண்ணை! ஒரு கிழமையும் தவறவிடுறேல்லை."

"அப்பிடிச் சொல்லும்! அப்ப வாற சனிக்கிழமை மாட்ச் முடிய எடுக்கிறன். கதைப்பம்."

போன் அணைந்ததும் அம்மா நெற்றியில் கைவைத்தார். "ஒரு கிழமையும் விடுறேல்லையோ? கொஞ்சமாச் சொல்லியிருக்கக் கூடாதோ?"

அன்றைக்கே அப்பா என்னைக் கணினிக்கு முன்னால் இருத்தினார். வீட்டில் ஆங்கிலம் ஓரளவு வாசிக்கத் தெரிந்தவள் நான்தான். அகராதியும் கையுமாய் நான் படித்துப் படித்துச் சொன்னேன். மைதானம் நீள்வட்டம், பந்தும் நீள்வட்டம். ஒரு பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். ஒருவன் முதுகில் மற்றவன் முழங்காலை ஊன்றி ஏறிப் பந்தைப் பிடித்தால் அது குற்றமில்லை, கைதட்டு. இரண்டு முனையிலும் நாலு நாலு கம்பம். நடுவில் போனால் ஆறு புள்ளி, அதைத் தவறவிட்டுப் பக்கத்து இடைவெளிக்குள் அடித்தாலும் ஒரு புள்ளி.

"பிழைவிட்டாலும் புள்ளியோ?" என்று அப்பா வாயைப் பிளந்தார். "நல்ல நாடு. அதுதான் எல்லாரும் அங்கை போகினம்."

அதற்குப்பிறகு ஒவ்வொரு சனியும் நானும் அப்பாவும் விடிய ஆறு மணிக்கு எழுந்தோம். அங்கே ஆட்டம் முடிந்து பின்னேரம் ஆகும்போது எங்களுக்குக் காலை ஒன்பது மணி. அதற்குள் நான் ரசிகர்கள் சண்டை பிடிக்கும் இணையப் பக்கத்தை வாசித்து முடித்துவிடுவேன். சும்மா சொல்லக்கூடாது, அவர்கள் சண்டை பிடித்ததுபோல் நான் வேறெங்கும் கண்டதில்லை. இவனை ஏன் எடுத்தாய், அவனை ஏன் விட்டாய், பயிற்சியாளருக்குக் கண் தெரியாதா என்று ஒருவரை ஒருவர் கிழித்தார்கள். நான் அதைச் சுருக்கி, பள்ளிக்கூடக் கொப்பித் தாளில் பெரிய தமிழ் எழுத்தில் எழுதி, அப்பாவுக்கு முன்னால் ஒவ்வொன்றாய்த் தள்ளுவேன். அப்பா அதைத் தன் கருத்தைப்போல வாசிப்பார். இடையில் ஒரு இருமல், ஒரு பெருமூச்சு. நன்றாகவே நடித்தார்.

மூன்றாம் சனிக்கிழமை மாப்பிள்ளையின் தாய்மாமனும் அழைப்பில் வந்து சேர்ந்தார். அங்கேதான் சனியன் பிடித்தது. பதினோராம் இலக்கச் சட்டைக்காரர் அந்தக் குழுவின் பழைய தலைவர், வயது போனவர், முழங்காலில் காயம். கடைசி ஐந்து ஆட்டத்தில் ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அவரை இருத்திவிட்டு ஒரு புதுப் பெடியனை இறக்க வேண்டும் என்றார் தாய்மாமன். பதினொன்று இல்லாவிட்டால் அது குழுவே இல்லை என்றார் ஐயா. இரண்டு பேரும் எங்கள் சாப்பாட்டு மேசையில் ஏறி நின்று சத்தம்போட்டார்கள்.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் ஆபத்து. தகப்பன் கோபித்தால் கலியாணம் நிற்கும். தாய்மாமன் கோபித்தால் மாப்பிள்ளையின் தாய் கோபிப்பார், அப்போதும் கலியாணம் நிற்கும். அப்பா மதில்மேல் பூனையாய் இருந்து, "அண்ணை சொல்லுறதும் சரி, அவர் சொல்லுறதும் சரி" என்று ஒப்பேற்றினார். ஆனால் நாலாம் சனி அந்தப் பதினொன்று கம்பத்துக்கு முன்னால் நின்று அடித்த அடி பக்கத்தால் போய், ஒரேயொரு புள்ளி கிடைத்து, குழு மூன்று புள்ளியில் தோற்றது.

"தம்பி, நீர் ரெண்டு பக்கமும் தலையாட்டுறீர்" என்றார் ஐயா. "வாற கிழமை ஒரு முடிவு சொல்லும். பதினொண்டை இறக்கோணுமோ, இருத்தோணுமோ? சம்பந்தம் செய்யப்போற ஆக்கள், உம்மடை மனசை நான் அறியோணும். அதுக்குப் பிறகு பிளேன் ரிக்கற் போடுறன், வந்து நிச்சயத்தைச் செய்வம்."

அந்தக் கிழமை வீட்டில் சோறு இறங்கவில்லை. அம்மா, ஐயாவின் பக்கம் நில்லுங்கள் என்றார். தாய்மாமன் வாயால் நின்ற கலியாணங்கள் எத்தனை என்று அப்பா எண்ணிக் காட்டினார். கடைசியில் என்னைப் பார்த்து, "நீதானே எல்லாம் வாசிக்கிறாய். ஆட்டம் தெரிஞ்ச ஆள் சொல்லுற மாதிரி, ஒருத்தருக்கும் நோகாமல் ஒண்டு எழுது" என்றார். எனக்கு ஒரே பெருமை. மாமியின் வாழ்க்கை என் பேனா முனையில் நிற்கிறது என்று வகுப்பில் கூடச் சொல்லித் திரிந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாமி வேலையால் வந்து, உடுப்பு மாற்றாமலே என் கட்டிலில் இருந்தார். நான் எழுதியதை வாங்கி வாசித்தார்.

"இது என்ன, கஞ்சி மாதிரி? உண்மையிலை அந்தாள் எப்பிடி விளையாடுறார்?"

"மோசம் மாமி."

"அப்ப அதைத்தானே எழுதோணும்? ஆமா போடுறவையைப் பெரியாக்கள் மதிக்கிறேல்லைக் குஞ்சு. துணிஞ்சு சொன்னால்தான் மதிப்பினம். எழுது, நான் சொல்லுறன்."

மாமி மெதுவாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒரு இடத்தில் அவர் நிறுத்தி யன்னலைப் பார்த்தார். பிறகு தொடர்ந்து சொன்னார். முடிந்ததும், "இது உன்ரை யோசனை எண்டே அப்பாட்டைச் சொல்லு. பெருமைப்படுவார்" என்று என் கன்னத்தைத் தடவினார்.

சனிக்கிழமை சரியாக ஒன்பது மணிக்குப் போன் அடித்தது. குழு அன்றைக்கும் தோற்றிருந்தது. ஐயா சுகம்கூடக் கேட்கவில்லை.

"சொல்லும் தம்பி."

நான் தாளைத் தள்ளினேன். அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார். "அண்ணை, மரியாதையோடை சொல்லுறன். பதினொண்டு இந்தக் குழுவுக்குச் செய்ததை ஒருத்தரும் மறக்க ஏலாது."

"அதுதானே! சொல்லும், சொல்லும்."

"ஆனால்…" அப்பாவின் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. வாய் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஆனால் என்ன? சொல்லும் தம்பி, பயப்பிடாதையும்."

சொந்தமாய் ஒரு வசனம் சொல்ல அப்பாவுக்கு அந்த ஆட்டத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. தாளில் இருந்ததைத் தவிர அவருக்கு வேறு கதியில்லை. "ஆனால்… அவரின்ரை காலம் முடிஞ்சுது. முழங்கால் போன ஆள் மற்றவைக்குப் பாரம். மரியாதையாய்த் தானே விலகியிருக்கோணும். விலகாட்டி… விலத்திறதுதான் முறை."

தாய்மாமன்தான் முதலில் சிரித்தார். "பாத்தியளோ அத்தான்! ஜேர்மனியிலை இருக்கிறவருக்கே விளங்குது, உங்களுக்குத்தான் விளங்கேல்லை."

"சரி தம்பி" என்றார் ஐயா. சத்தமே இல்லாத ஒரு குரல். "உம்மடை மனசு விளங்குது. வைக்கிறன்."

அப்பா தாளைத் தூக்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதை உனக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"நானாத்தான் எழுதினனான்" என்றேன். அப்பா ஏன் இன்னும் பெருமைப்படத் தொடங்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மாமி நடைவழியில் சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு நின்றார். கட்டி முடித்து, கதவைத் திறந்து, வேலைக்குப் போய்விட்டார். அப்பா எனக்கு அடிக்கவில்லை. ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. அடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

அடுத்த சனிக்கிழமை போனை மேசையில் வைத்துக் காத்திருந்தோம். ஒன்பது போய், ஒன்பதரை போய், பத்தும் போனது. அப்பா இரண்டுமுறை போனைத் தூக்கி, சத்தம் குறைந்து கிடக்கிறதா என்று பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம்தான் அழைப்பு வந்தது. அது டோர்ட்மண்டில் இருந்து. இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த அம்மாவின் சொந்தக்கார அக்கா.

"சாதகத்தைத் திருப்பிப் பாத்தவையாம். செவ்வாய் இடிக்குதாம்."

"பொருத்தம் எண்டுதானே முதல் சொன்னவை?" என்றார் அம்மா.

அந்த அக்காவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "என்ன கதை கதைச்சிருக்கிறியள்? அந்த மனுசனை மூண்டு மாதத்துக்கு முந்தித்தான் வேலையாலை நிப்பாட்டினவங்கள். இருபத்தாறு வருசம் நிண்ட பக்டறி. முழங்கால் ஏலாதெண்டு அனுப்பிவிட்டாங்கள். மனுசன் வீட்டுக்குள்ளை வெந்துபோய் இருக்குது. அவரிட்டைப் போய்க் காலம் முடிஞ்சுது, பாரம் எண்டு சொல்லலாமோ?"

"கடவுளே, எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அக்கா!" என்று அப்பா கத்தினார்.

"ஏன், பெடியன் உங்கடை தங்கச்சிக்குச் சொன்னதாமே. வீடியோவிலை கதைக்கேக்கை."

அப்பா போனை வைத்தார். மாமியின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அவர் அந்தக் கதவை வெகுநேரம் பார்த்தார். போய்த் தட்டுவார் என்று நினைத்தேன், தட்டவில்லை. பல்கனிக்குப் போய், மழைத் தூறலில் நின்றார். அம்மா உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டதும் அவருக்குக் கேட்கவில்லை.

நான்தான் கதவைத் திறந்து உள்ளே போனேன். மாமி கட்டிலின் ஓரத்தில் இருந்து அழுதுகொண்டிருந்தார். சத்தம் வெளியே கேட்காமல் இருக்கத் துவாயால் வாயைப் பொத்தியிருந்தார். மாமி அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கலியாணம் குழம்பியதற்குத்தான் இந்த அழுகை, அதைக் குழப்பியது என் கையெழுத்து என்று நினைத்தேன்.

"எல்லாம் என்னாலைதான் மாமி."

"உன்னிலை ஒரு பிழையும் இல்லைக் குஞ்சு. அந்த மனுசன்… பாவம், அந்த மனுசன்…" அதற்குமேல் அவரால் பேச ஏலவில்லை.

மாப்பிள்ளையை மாமிக்கு அவ்வளவு பிடித்திருந்ததா என்று நான் திகைத்துப்போனேன். பக்கத்தில் ஏறி இருந்து அவர் முதுகைத் தடவினேன்.

"அழாதேங்கோ மாமி. அடுத்த மாப்பிள்ளை வரேக்கை நான் கவனமா எழுதித் தாறன். கட்டாயம் உங்களை அனுப்பிவைப்பன்."

மாமி என்னை இழுத்து இறுக்கிக் கட்டிக்கொண்டு இன்னும் பலமாக அழுதார். நல்லதொரு ஆறுதலைத்தான் சொல்லியிருக்கிறேன் என்று நான் நினைத்துக்கொண்டேன்.