சண்டை நிறுத்தக் கொடுத்த பெண்

ஸ்ரௌவ்வில் நகரத்திலுள்ள எங்கள் வீட்டில் மகள் சரித்திரப் பாடம் படித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, போரை நிப்பாட்ட பிரான்ஸ் ராசா தன்ர மகளை இங்கிலாந்து ராசாவுக்குக் கட்டிக் குடுத்தவராம். ஷி வோஸ் ஜஸ்ட் எ கிட்!”

சிறுவயதில் நாங்கள் இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அப்பார்ட்மென்டின் பொரித்த மீன் வாசம் மூக்கில் ஏறியது. யாழ்ப்பாணத்து வேலிச் சண்டையை என் அப்பாவும் மாமாவும் புலம்பெயர்ந்து வந்த, வேலியே இல்லாத பதினாறாம் மாடியிலும் விடவில்லை.

“உங்கட பெடியனுக்கு என்ர பெட்டையைத் தாறன் அத்தான். உதோட கோபத்தை விடுங்கோ” என்றார் அப்பா.

அக்கா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் அவர்கள் கேட்டது இன்னும் இரண்டு துண்டு மீன்தான்.

கலியாணத்துக்குப் பிறகும் சண்டை ஓயவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட மாமா வீட்டார் அக்காவை அனுப்பவில்லை.

“பிறகு போர் நிண்டதோ?” என்று மகளைக் கேட்டேன்.

“இல்லையாம்.”

“அந்தப் பிள்ளை?”

பக்கத்தைப் புரட்டினாள். “அவளைப் பற்றி ஒண்டும் இல்லை அப்பா. போரைப் பற்றித்தான் இருக்கு.”