கருப்பட்டி தின்ற பாசி

பேக்கரியின் பின்வாசலில் மாவு புளிக்கிறது. ஓசூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் நடக்கும்போதெல்லாம் அந்த வாசனை என் முந்தானையைப் பிடித்து இழுக்கிறது. பாதி இனிப்பு, பாதி புளிப்பு, கொஞ்சம் திருட்டுத்தனம். கையில் காய்கறிப் பை, காதோரம் நரை, வீட்டில் ஆயிரம் வேலை. ஆனாலும் நின்றுவிடுகிறேன். மூக்குக்கு மட்டும் வயதாவதில்லை போலும்.

அந்த வாசனைக்குள் தொண்ணூறுகளின் ஓர் ஒற்றை அறை இருக்கிறது. அதில் இரண்டு பெண்கள். ஒருத்தி நான், காவேரிப்பட்டினத்துக்காரி. இன்னொருத்தி திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டிலிருந்து வந்தவள். கண்ணுக்கெட்டிய மட்டும் சிவப்பு மணலும் பனையும்தான் அவள் ஊர். இருவருக்கும் இதே ஓசூரில் ஒரே கடிகாரத் தொழிற்சாலை, ஒரே மேசை. கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எள்ளளவு பாகங்களை இடுக்கியால் எடுத்துப் பொருத்தும் வேலை.

பனையேறும் அவள் அப்பா கெடு வைத்துத்தான் அவளை அனுப்பியிருந்தார். ஒரு வருஷம் வேலை பார்க்கட்டும். முடியும்போது நான் வந்து பார்ப்பேன். மனசுக்கு ஒப்பவில்லையென்றால் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன் என்பது அவர் பேச்சு. அந்த நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அவளோ பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "தண்ணிக்குள்ள ஒரு தோட்டம் போட்டிருக்கேன், வந்து பாருங்க" என்று பெருமையடித்துவிட்டு வந்திருந்தாள்.

தோட்டம்! கண்ணாடிக் கடையில் சொல்லி ஒட்டி வாங்கிய ஒரு தொட்டி. அடியில் ஆற்று மணல். தென்பெண்ணையிலிருந்து ஈரச் சாக்கில் சுற்றி நான் கொண்டுவந்த வேலம்பாசி, கூடவே நாடாபோல நீளும் ஒரு நீர்ப்புல். நான்கைந்து கப்பி மீன்கள். மேலே ஒரு குண்டு பல்பு. அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாசி முதலில் வெளுத்தது, பிறகு மஞ்சளானது, பிறகு தொட்டால் கஞ்சியாய்க் கரைந்தது.

"ஏளா, நாம நாள்பூரா வெளிச்சத்துல உக்காந்திருக்கோம். இதுக்கு ஒரு கீத்து வெளிச்சம் இல்ல பாரு" என்றாள்.

அவளுக்கு ஒன்று தோன்றிவிட்டால் அது அப்போதே நடந்தாக வேண்டும். இரண்டு ட்யூப்லைட் வந்தன. பிஸ்கட் டின்னை வெட்டி விரித்து, பளபளப்பு கீழே பார்க்கும்படி அவற்றுக்கு ஒரு கூரை செய்தோம். சுவிட்சைப் போட்டதும் சோக் ரீங்காரமிட்டது, அறையே விடிந்தது. பாசி நிமிர்ந்தது. நாங்களும்தான். ஆனால் அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. கண்ணாடியில் பச்சை வழுக்கல் படிந்தது. இலைகளின்மேல் தலைமுடிபோல ஓர் அழுக்குப்பாசி வளர்ந்து எல்லாவற்றையும் மூடியது.

"தோட்டமா இது? பாழுங்கெணத்துப் படிக்கட்டாட்டம் இருக்குது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அடுத்த விடுமுறையில் பெங்களூருக்குப் பஸ் ஏறினோம். மீன் கடைக்காரர் நாங்கள் சொல்லி முடிக்கும்வரை ஒரு ஆரஞ்சு மீனுக்கு வலை வீசிக்கொண்டிருந்தார்.

"லைட் ஜாஸ்தி பண்ணிட்டீங்கம்மா. செடிக்குப் பசி வந்திடுச்சு. ஊட்டா எல்லி? சாப்பாடு குடுக்க வேணாமா? சோடாவுல வருதே, அந்த கேஸ் குடுக்கணும். செடி பட்டினி கெடந்தா அந்த வெளிச்சத்த அழுக்குப்பாசி தின்னும்."

அந்த கேஸ் அடைத்த சிலிண்டரின் விலையைக் கேட்டதும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு வெளியே வந்தோம். அவருக்கு மனசு கேட்கவில்லை. பின்னாலிருந்து கத்தினார்: "பாட்டில்ல சக்கரத் தண்ணி ஊத்துங்க, பேக்கரி ஈஸ்ட் போடுங்க! அதுவே கேஸ் விடும்!"

ஈஸ்ட் கிடைத்தது. குழாய்க்கு, குளுக்கோஸ் ஏற்றும் ட்ரிப் செட் ஒன்றை மருந்துக் கடையில் கேட்டோம். "யாருக்கும்மா ஒடம்பு முடியல?" என்றார் கடைக்காரர். "செடிக்கு" என்றாள் இவள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பில் எழுதினார்.

சர்க்கரைதான் இல்லை, மாதக் கடைசி. அவள் தகரப்பெட்டியைத் திறந்து, ஓலைப்பெட்டியிலிருந்து ஒரு கருப்பட்டியை எடுத்தாள். அவள் அப்பா காய்ச்சியது.

"இதயா?" என்றேன்.

"கருப்பட்டியும் இனிப்புதானளா. பாசிக்குத் தெரியவா போவுது?" அம்மிக்குழவியால் ஒரே தட்டு.

பாட்டிலில் கரும்பழுப்பாய் நுரை கட்டியது. காலையில் பார்த்தால் தொட்டிக்குள் குழாயின் நுனியிலிருந்து ஒரு குமிழி. நிதானமாய், யோசித்து யோசித்து, இன்னொன்று. குழாய்க்கு மேல் நாங்கள் குப்புறக் கவிழ்த்திருந்த கண்ணாடிக் கிண்ணத்துக்குள் அவை சேர்ந்து மெல்ல நீரில் கரைந்தன. அதைப் பார்த்துக்கொண்டே நின்றதில் ஷிப்டு பஸ்ஸைத் தவறவிட இருந்தோம். ஒரு வாரத்துக்குள் வேலம்பாசியின் நுனிகளில் புதுப் பச்சை வந்தது. பாட்டில் மூடியின் ஓட்டை வழியே வாசனையும் வந்தது. அறையை நிறைத்தது, வராந்தாவுக்குப் போனது, முன்வீட்டுக் கதவைத் தட்டியது.

முன்வீட்டில் வீட்டுக்கார அம்மா. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், எங்களைத் திட்டுவதற்குத் தமிழ். கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பாக்கெட் சாராயம் பைபையாய் வந்துகொண்டிருந்த காலம் அது. மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏமம்மா இது? எங்க வூட்டுக்காரரு குடிச்சே போய்ச் சேந்தாரு. இந்த வாசன எனக்குத் தெரியாதா? பொம்பளப் புள்ளைங்கன்னு நம்பி வூடு உட்டா, பாட்டில்ல ஊற வெக்கறீங்களா?"

"ஐயோ, குடிக்கறதுக்கு இல்லீங்கம்மா. செடிக்கு" என்றேன்.

"செடி குடிக்குதா?"

"ஆமாங்க."

"குடிச்சிட்டு ஆடுதா பாடுதா?" திரும்பியவர் நின்று சொன்னார்: "ஞாயித்துக்கெழம இவ அப்பா வராருல்ல? அவரு கிட்டவே கேட்டுக்கறேன்."

அன்று அவள் சாப்பிடவில்லை. பாட்டிலை எறிந்துவிடலாம் என்றேன்.

"எறிஞ்சா எல்லாம் செத்துரும்லா. செத்துப்போன தோட்டத்த எங்கப்பாட்ட காட்டி, நான் இங்க நல்லாருக்கேம்னு எப்பிடிச் சொல்ல?"

பாட்டில் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பா வந்தார். ஒல்லியான உருவம், உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு, தோளில் மஞ்சள் பை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தொட்டி இருட்டாய்க் கிடந்தது. படியில் கால் வைத்ததுமே அவர் மூக்கு விடைத்தது. பதநீர் கள்ளாகும் வாசனையோடு வாழ்ந்தவரிடம் எந்தப் பொய்யும் செல்லாது. நேராகப் பாட்டிலிடம் போனார்.

"கருப்பட்டியா?"

"ஆமாப்பா."

"நான் குடுத்ததா?"

"ஆமா."

சரியாக அப்போது வீட்டுக்கார அம்மா வந்து சேர்ந்தார். "பாத்தீங்களாண்ணா? இதச் சொல்லத்தான் நான் காத்திருந்தேன்."

அப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "மரமேறி எறக்கி, வெறகு பெறக்கிக் காச்சி, திங்கக் குடுத்து விட்டா... ஊறப் போட்டுருக்கியேட்டி. பெட்டிய எடு. கெளம்பு."

அவள் அழவில்லை. பெரிய குரலும் இல்லை.

"கரண்டு வாற வரைக்கும் இருங்கப்பா. பொறவு நீங்க சொன்னபடி கேக்கேன்."

அவர் உட்கார்ந்தார். நான் சோறு போட்டேன், கொள்ளு ரசம் ஊற்றினேன். சாப்பிட்டார். வீட்டுக்கார அம்மா போகவில்லை. நிலையில் சாய்ந்து நின்றார். வேடிக்கை பார்க்கும் ஆசை கோபத்தை ஜெயித்துவிட்டது. தகரப்பெட்டி கட்டிலுக்கடியில் பூட்டுத் திறந்தபடி இருந்தது.

வெயில் சாய்ந்தபோது சோக் முனகியது. ட்யூப்லைட்கள் இமைத்து இமைத்து எரிந்தன. தண்ணீருக்குள் பச்சை எழுந்து நின்றது. அவ்வளவுதான், வேறொன்றும் நடக்கவில்லை. நாங்கள் நால்வரும் அந்தக் கண்ணாடியைப் பார்த்தபடியே இருந்தோம். வெகுநேரத்துக்குப் பிறகு ஒரு வேலம்பாசி நுனியில் குண்டூசித் தலையளவு ஒரு வெள்ளிக் குமிழி. அது பருத்தது, பிரிந்தது, மேலே போனது. பக்கத்து இலையில் இன்னொன்று. பிறகு எங்கள் கண்ணாலும் எண்ண முடியவில்லை. இலைக்கு இலை முத்து கோத்து, சரம்சரமாய் மேலே விட்டது தோட்டம். அழுக்குப்பாசி ஒதுங்கிய இடமெல்லாம் மினுமினுப்பு.

"தேவுடா!" என்றார் வீட்டுக்கார அம்மா. "சோடா ஒடச்ச மாதிரி இருக்குதே!"

அவள் அப்பா எழுந்து கிட்டே வந்தார். வெளிச்சம் அவர் முகத்தில் நெளிந்தது. "இது என்னட்டி?"

"மூச்சு விடுதுப்பா."

"இதுக்கா கருப்பட்டி?"

"இதுக்குத்தான்."

காய்த்த விரலைக் கண்ணாடியில் வைத்து, மேலே போகும் ஒரு குமிழியைக் கூடவே தொடர்ந்தார். அது உடைந்ததும் அடுத்ததைப் பிடித்தார். கிளம்பு என்ற பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை. ஷிப்டு பஸ் எங்கே நிற்கும், ராத்திரி வேலை உண்டா, மீன் என்ன தின்னும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்டார். வீட்டுக்கார அம்மா தன் பங்குக்கு, "மூடிய மட்டும் சுத்தி மெழுகு வெச்சு அடைங்க, தெரு பூரா நாறுது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுக் காபி போடப் போனார். நான் காலால் தகரப்பெட்டியை இன்னும் உள்ளே தள்ளினேன்.

சேலம் பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியே மகளைக் கிட்டே கூப்பிட்டார். என்னையும் ஒரு பார்வை பார்த்தார்.

"அடுத்த தரம் ரெண்டு பெட்டியாக் கொண்டாரேன். ஒண்ணு உங்களுக்கு, ஒண்ணு அந்தப் பாசிக்கு. நல்லத நீங்க தின்னுங்கட்டி!"