ஏரம்பு பூட்டிய பெற்றோல் பம்பு

மாங்குளத்தில் வந்து வெறும் ஏரம்பு என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. 'கார் எரிச்ச ஏரம்பு' என்று கேட்கவேண்டும். அப்போதுதான் தேநீர்க்கடையில் இருக்கிற அத்தனை பேரும் சிரித்துக்கொண்டு அவன் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். விடுப்புப் பார்க்கிற, ஊர்வம்பு பேசுகிற சனம். அவர்களில் ஒருவனுக்கும் ஒரு நட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியாது. ஆனால் ஏரம்பு விட்ட பிழை என்னவென்று மட்டும் எல்லாருக்கும் தெரியும்.

ஏரம்பு என் தங்கை விமலேஸ்வரியின் புருஷன். உலகச் சண்டைக் காலத்தில் வெள்ளைக்காரர் வவுனியாவில் விமானத்தளம் வைத்திருந்தபோது லொறி கழுவுகிற வேலைக்குப் போனவன், மூன்று வருசத்தில் எஞ்சினைக் கழற்றிப் பூட்டப் பழகிக்கொண்டு வந்தான். பிறகு குடியேற்றத் திட்டத்தில் உழவு இயந்திரம் திருத்துகிற கொட்டிலில் நாள்கூலி. பதினொரு வருசம் நாள்கூலி. அவனுக்குப் பின்னால் வந்தவர்களெல்லாம் நிரந்தரமானார்கள். இவனுக்கு இங்கிலீசு வாசிக்கத் தெரியாது என்று அங்கே இருந்த ஒரு பெரியவர் கண்டுபிடித்தார். இங்கிலீசு வாசித்தா உழவு இயந்திரம் ஓடுகிறது?

நான் செல்வநாயகம் முதலாளியின் சாரதி. அரிசி ஆலையும் பலகை, விறகு விற்கிற மரக்காலையும் வைத்திருந்த மனுசன். ஐம்பத்தொன்பதாம் ஆண்டில், மலைநாட்டிலிருந்து சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையிடம் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கினார். கூரை இல்லை, இரண்டே பேர் இருக்கலாம். அந்தச் செம்மண் புழுதிக்குள் அது என்னத்துக்கென்று கேட்க யாருக்குத் துணிவு? ஆனால் வேகம் கூடினால் அதற்கு மூச்சு வாங்கும். பெற்றோல் போய்ச் சேருவது போதாமல் எஞ்சின் விக்கும். ஒருநாள் கனகராயன்குளத்துக்குக் கிட்ட, வவுனியா வியாபாரி மஹ்றூப் நாநா தன்னுடைய பழைய காரில் எங்களை முந்திக்கொண்டு, கையையும் காட்டிவிட்டுப் போனார். முதலாளிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே எஞ்சினுக்குப் பெற்றோலைக் காற்றோடு கலந்து கொடுக்கிற காபரேற்றர், இரண்டாவதாகப் பூட்ட, ஒன்று, பற்றறியில் ஓடுகிற பெற்றோல் பம்பு ஒன்று, ஒரு புத்தகம். காரைக் கொண்டுவந்தால் பூட்டித்தருகிறோம் என்று அங்கே சொன்னார்கள். கொழும்பில் போய்க் காவல் கிடக்க முதலாளிக்குப் பொறுமை இல்லை. ஏரம்புவைக் கூப்பிட்டார். சந்தியில் அவருடைய கடை ஒன்று சும்மா பூட்டிக் கிடந்தது.

"காரை விக்கல் இல்லாமல் ஓட வை ஏரம்பு. அந்தக் கடை உன்ர கராஜ். உன்ர பேரைப் போட்டுப் பலகை அடிக்கலாம்."

ஏரம்பு அன்று வீட்டுக்குப் போகிற வழியில் சைக்கிளை நிறுத்திவிட்டு அந்தக் கடையின் கதவைத் தொட்டுப் பார்த்தான். நான் பக்கத்தில் நின்றேன். பதினொரு வருசமாக ஆரேனும் ஒருவர் அவனைப் பேர் சொல்லி மெக்கானிக் என்று கூப்பிட்டதில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது அதுதான்.

ஒன்பது நாள் ஆலைக்குப் பின்னால் மரநிழலில் வேலை நடந்தது. புத்தகத்தை நான் எழுத்துக்கூட்டி வாசிப்பேன், அவன் படத்தைப் பார்த்துவிட்டு, நான் வாசித்தது பிழை என்பான். பிழையாகத்தான் இருக்கும். மெல்லிய பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு மொத்தமான செப்புக்குழாய் போட்டான். வளைக்கும்போது நசியாமல் இருக்க உள்ளே காய்ந்த மணலை நிரப்பி வளைத்து, பிறகு மணலைத் தட்டிக் கழுவினான். பூட்டுவாய்களில் பெற்றோல் கசியாமல் இருக்கச் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தான். பம்பைப் பின்னால் பெற்றோல் தாங்கிக்குப் பக்கத்தில், ரயர் ரப்பரை மெத்தையாக வைத்துப் பூட்டினான். காரின் திறப்பை, அதுதான் சாவியை, திருகினால் ஓடி, திறப்பை மூடினால் நிற்கிற மாதிரித்தான் பம்புக்கு வயர் இழுத்தான். எவ்வளவு சரியான வேலை! முதலாளி வந்து பார்த்துவிட்டு, விமானத்தில் இருக்கிற மாதிரிப் பளபளப்பாக ஒரு சுவிச் ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் தனியாக வேண்டும் என்றார். வேண்டாம் முதலாளி என்று ஏரம்பு இரண்டு தரம் சொன்னான். முதலாளிக்கு இரண்டாம் தரம் சொன்னால் கோபம் வரும். திறப்பிலிருந்து கழற்றி அந்தச் சுவிச்சுக்கு வயரை மாற்றினான்.

பிறகு என்னை ஆசனத்தில் இருத்திச் சொன்னான்.

"பழைய பம்பு எஞ்சினோட நிண்டிடும். இது நிக்காது. காரை நிப்பாட்டினால் முதல் இந்தச் சுவிச்சை நிப்பாட்டு மச்சான். மறந்திடாதை."

ஓம் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை. நான் ஓட்ட, ஏரம்பு பக்கத்தில். முதலாளி மற்றக் காரில் பின்னால். கண்டி வீதியில் ஏறி மிதித்தேன் பாருங்கள், இரண்டு பக்கக் காடும் பின்னால் ஓடியது. விக்கல் என்பதே இல்லை. ஏரம்பு தலையைச் சரித்து எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வந்தான். அவன் கண்ணில் தண்ணீர். காற்றுக்கு என்றான்.

முறிகண்டியில் நிறுத்தினேன். அங்கே வீதியோரத்தில் இருக்கிற பிள்ளையாரைக் கும்பிடாமல் தாண்டிப் போகிற வாகனம் உண்டா? புது வேலை செய்த வண்டிக்குத் தேங்காய் உடைத்து, சில்லுக்குக் கீழே தேசிக்காய் வைத்து, முன்னால் கற்பூரம் கொளுத்தாமல் எடுத்தால் எங்கள் சனத்துக்கு மனம் ஆறாது. ஏரம்பு தேங்காய் வாங்கப் போனான். முதலாளி பின்னாலிருந்து கெதியாய், கெதியாய் என்று அவசரப்படுத்தினார். நான் திறப்பை மூடிவிட்டு இறங்கினேன். கார் நின்ற இடத்திலேயே முன் சில்லுக்குப் பக்கத்தில் கற்பூரத்தை வைத்து நெருப்புக்குச்சியைத் தட்டினேன்.

பின்னால் பம்பு அடித்துக்கொண்டே இருந்தது. காபரேற்றர் நிரம்பி வழிந்து, கீழே மணல் பெற்றோலைக் குடித்துக் கிடந்தது. பக்கென்று பற்றியது. நான் பாய்ந்து விலகிவிட்டேன். முதலாளியும் விலகிவிட்டார். ஏரம்பு தேங்காயைப் போட்டுவிட்டு ஓடிவந்து, நெருப்புக்கு மேலால் உள்ளே சரிந்து சுவிச்சை அடித்தான். பிறகு பொனற்றைத் திறந்து இரண்டு கையாலும் மணலை அள்ளி அள்ளிப் போட்டான். கார் தப்பியது. முன்பக்கத்துச் சிவப்பு வர்ணம் பொங்கி, இரண்டு மூன்று வயர் போனது, அவ்வளவுதான். ஏரம்புவின் கைகளில் தோல் கையுறை மாதிரிக் கழன்று தொங்கியது.

அவனை வீதியில் வந்த ஒரு லொறியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பிய பிறகு, முதலாளி பொங்கிய வர்ணத்தைத் தடவிக்கொண்டு என்னைக் கேட்டார்.

"சுவிச்சை நிப்பாட்டினனியோ?"

"ஓம் முதலாளி. நிப்பாட்டிப்போட்டுத்தான் இறங்கினனான்."

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. வாய் தானாகச் சொன்னது. அன்று பின்னேரமே மாங்குளம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உழவு இயந்திரக்காரனுக்குச் சீமைக் கார் வேலையோ, குரங்கின் கையில் பூமாலை. அடுத்த மாதம் சந்திக் கடையில் உரம் விற்றார்கள்.

ஒரு மாதம் கழித்து ஏரம்பு என் வீட்டுக்கு வந்தான். கை இரண்டும் துணிக்கட்டு. குசினியில் என் மனைவி இருந்தபடியால் என்னை வேலிப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். கோபமாகப் பேசியிருந்தால் நானும் எகிறியிருப்பேன். அவன் கெஞ்சினான்.

"எனக்குக் கடை வேண்டாம் மச்சான். சுவிச் போட்டபடி கிடந்ததெண்டு முதலாளிக்கு ஒரு சொல்லுச் சொல்லு. என்ர வேலை பிழையில்லையெண்டு ஒரு மனுசருக்காவது தெரியட்டும்."

எனக்கு இரண்டு பிள்ளைகள். சாரதி வேலையை விட்டால் காட்டில் விறகு வெட்டவேண்டும். இதையெல்லாம் இப்போது சொல்கிறேன். அன்று அவனுக்கு இதைக்கூடச் சொல்லவில்லை. சுவிச் எப்படி இருந்ததென்று எனக்கு நினைவில்லை என்றேன்.

"உனக்கு நினைவில்லையோ?"

"இல்லை."

"சரி," என்றான். போய்விட்டான்.

அவன் விரல்கள் பிறகு மடங்கவில்லை. ஸ்பனர் பிடிக்க முடியாத கையோடு ஊரார் வயலில் பன்றிக்குக் காவல் கிடந்தான். விமலேஸ்வரி என்னோடு கதைப்பதை விட்டாள். அவளுக்கு அவன் சொன்னானா, அவளே கண்டுகொண்டாளா, தெரியாது. பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்! முதலாளியைத் திட்டுகிறேன், ஊரைத் திட்டுகிறேன். திட்டி என்ன?

போன ஆடியில் ஏரம்பு செத்தான். நாற்பத்தேழு வயது. பாடையில் ஒரு பக்கம் நான் பிடித்தேன். சுடலையில் விறகு அடுக்கும்போது செல்வநாயகம் முதலாளி, பாவம், நல்லவன், ஆனால் தெரியாத வேலையில் கை வைத்துக் கெட்டவன் என்றார். சொல்லிவிட்டு, அன்றைக்கு அந்த இடத்தில் நின்றவன் இவன்தானே என்று எல்லாருக்கும் முன்னால் என்னைப் பார்த்தார்.

"ஓம் முதலாளி," என்றேன்.