முதல் தண்ணீர்

நான் செய்த வேலைகளில் இன்றுவரை திரும்பப் போய்ப் பார்க்காதது ஒன்றுதான். ஆனைக்குட்டம் போகிற சாலையில், ஒரு பட்டாசு ஆலை முதலாளியின் தோட்ட வீட்டில் இருக்கும் நீச்சல் குளம். செல்போன் எங்கள் கைக்கு வந்த புதிது. குளத்தை நான் கட்டவில்லை. ஃபைபரில் வார்த்து ஒரே துண்டாக ட்ரெய்லரில் வந்து இறங்கியது. திருத்தங்கலில் பஸ்ஸெல்லாம் ஒதுங்கி அதற்கு வழிவிட்டதாம். நீலநிறத்தில் பெரிய தொட்டி, அதன் ஒரு முனையோடு ஒட்டியபடி, வெந்நீர் குமிழி விடுகிற சின்ன வட்டத் தொட்டி. இரண்டையும் சுற்றி விளிம்புக்கல் பதிப்பது மட்டும் என் வேலை.

கல் வேலையில் என்னை விட்டால் ஆளில்லை என்ற திமிர் அப்போது எனக்கு இருந்தது. அதற்கு நானே வைத்துக்கொண்ட பெயர் அனுபவம்.

எனக்குச் சாந்து குழைத்துக் கொடுத்தவர் எங்கள் தெருக்காரர், முறைக்கு எனக்கு மதினி. அதற்கு முன் பட்டாசு ஆலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஒருநாள் பக்கத்து அறையில் தீப்பிடித்து, கூட வேலை பார்த்தவளைப் போர்வையில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவர், அன்றைக்கே வேலையை விட்டார். "கஞ்சி இல்லாமக் கெடந்தாலும் கெடப்பேன் கொழுந்தனாரே, அந்த வாசலை மட்டும் மிதிக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் என்னிடம் வேலைக்கு வந்தார். நாலு வருஷம் ஆகியிருந்தது. அவரை நான் ஒருநாளும் சித்தாள் என்று சொன்னதில்லை. மதினி என்றுதான் கூப்பிடுவேன், வேலை முடிகிறவரை ஒருவரை ஒருவர் கேலி பேசிக்கொண்டே இருப்போம்.

சாம்பல் நிறக் கிரானைட். முன் விளிம்பை அரைவட்டமாக உருட்டி, தண்ணீர்ப் பக்கம் இரண்டு விரல் நீட்டிப் பதிக்க வேண்டும். நேர் ஓரங்களை நாலு நாளில் முடித்துவிட்டேன். வட்டத் தொட்டிதான் உயிரை வாங்கியது. அங்கே ஒவ்வொரு கல்லையும் ஒரு பக்கம் குறுகலாகச் சீவ வேண்டும். இரண்டு கல்லைப் பாழாக்கிவிட்டு நான் வானத்தைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மதினி ஒரு பழைய காலண்டர் அட்டையைக் கொண்டுவந்தார். தொட்டியின் வளைவில் அதை வைத்துக் கோடு கிழித்து, கத்தரித்து, என் கையில் கொடுத்தார். அந்த அளவுக்கு வெட்டிய கல் முதல் தடவையே கச்சிதமாக உட்கார்ந்தது. "ஏதோ குருட்டாம்போக்குல அமைஞ்சிருச்சு" என்றேன். பாராட்ட வாய் வரவில்லை.

தீபாவளி முடிந்து ஆலைகளைப் பூட்டியிருந்தார்கள். சீசன் ஓய்ந்த அந்த நாட்களில்தான் முதலாளி வீட்டார் ஒன்றாகக் கூடுவார்கள். குளத்தில் இறங்க அவர்கள் வரப்போகிறார்கள் என்று தகவல் வந்தது. நான் கல் இடுக்குகளைப் பூசியதில் சிமெண்டுப் பால் வழிந்து, தொட்டியை இறக்கிய கம்பெனி ஆட்கள் நிரப்பிவிட்டுப் போன தண்ணீர் கழனித்தண்ணியாகக் கிடந்தது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புதுத் தொட்டி கட்டினால் முதல் தண்ணீரை யாரும் புழங்க மாட்டார்கள். சிமெண்டுக் காரம் இறங்கியிருக்கும் என்று முழுக்க இறைத்துவிட்டு, அப்புறம்தான் நல்ல தண்ணீர் விடுவார்கள். நானும் மோட்டாரைப் போடப் போனேன். மதினி தடுத்தார்.

"கொழுந்தனாரே, தண்ணிய எடுக்கக் கூடாதுன்னு கம்பெனி ஆளு சொல்லிட்டுப் போனாரு. நீங்க கல்லு எடுக்கப் போயிருந்தீக. வெளிய மண்ணு ஈரமா இருந்தா தொட்டிய நெருக்கித் தூக்கிருமாம்."

"தூக்குறதுக்கு அது என்ன பலூனா மதினி? நீங்க சாந்தப் பாருங்க."

நான்தான் சுவிட்சைப் போட்டேன். அந்த வாரம் முழுக்க மழை. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், வீட்டுச் சுவரையே பிளக்கும். அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாமலில்லை. ஆனாலும் சித்தாள் வேலை பார்க்கிறவர் எனக்குச் சொல்லித்தருவதா என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் போனால், நீலச் சுவர் வயிறு மாதிரி உள்பக்கம் தள்ளியிருந்தது. வட்டத் தொட்டிப் பக்கம் ஒரு சாண் மேலே வந்திருந்தது. நான் வரிசையாகப் பதித்த கற்கள் வாய் பிளந்து நின்றன. கொஞ்ச நேரத்தில் முதலாளி வந்துவிட்டார்.

"யாருய்யா தண்ணிய எறைச்சது?"

மதினி எனக்குப் பக்கத்தில்தான் நின்றார். ஒரு மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

"சித்தாளுதான் மொதலாளி. தெரியாம மோட்டாரப் போட்டு விட்ருச்சு" என்றேன்.

மதினி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏதாவது பேசுவார், சண்டை போடுவார் என்று பயந்தேன். சாந்துச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சாலையைப் பார்த்து நடந்துபோனார்.

கம்பெனிக்காரர்கள் திரும்ப வந்து தொட்டியைச் சரிசெய்தார்கள். இந்தத் தடவை தண்ணீரை இறைக்காமல் வைத்துக்கொண்டு கல்லைப் பதித்தேன். வளைவுக் கற்களுக்கு அந்தக் காலண்டர் அட்டைதான் அளவு. வேலை முடியட்டும், மதினியைக் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முடிந்தது, கூப்பிடவில்லை. கூப்பிட்டால் முகத்தைப் பார்க்க வேண்டுமே. முதலாளி வாயிலிருந்து வந்த சொல் மற்ற மேஸ்திரிகள் காதுக்கும் போயிருந்ததால், வேறு யாரும் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை.

அடுத்த ஆனியில் ஒரு சாயங்காலம், திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் பட்டாசு ஆலை வேன் ஒன்று வந்து நின்றது. ஜன்னலோரம் மதினி. முழங்கை வரைக்கும் வெள்ளிப் பொடி அப்பியிருந்தது, காதோரத்திலும் மினுங்கியது. ஜன்னல் பக்கம் போய் நின்றேன். எத்தனையோ தடவை மனசுக்குள் சொல்லிப் பார்த்த மன்னிப்பை அப்போதும் கேட்கவில்லை. அவர்தான் முதலில் பேசினார்.

"கல்லு நிக்கிதா?"

"நிக்கிது மதினி."

"தண்ணிய எறைக்காம வெச்சுத்தான பதிச்சீக?"

"ஆமா மதினி."

"அப்ப நிக்கும், மேஸ்திரி" என்றார்.

வேன் கிளம்பிவிட்டது. சுவிட்சைப் போட்டது நான்தான் என்று முதலாளியிடம் போய்ச் சொல்ல எனக்கு அப்போதும் நேரம் இருந்தது, அதற்குப் பிறகும் இருந்தது. சொல்லவில்லை. அதன் பிறகு எத்தனையோ தடவை தெருவில் எதிர்ப்பட்டிருக்கிறோம். கொழுந்தனாரே என்று அவர் என்னைக் கூப்பிட்டதே இல்லை.